பெல்ட் இழுத்த துப்பட்டா

“டிப்ளமோ படிச்சிருந்தா மிஷின் ஒனக்குப் பயந்துருமாக்கும்?” கொட்டாம்பட்டி தென்னைநார் ஆலையில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று, அங்கே வேலை பார்த்த அக்கா கேட்டார். ஆலையில் பெண்கள் எல்லாரும், முந்தானை மிஷினில் சிக்காமலிருக்க, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தச் சட்டை எனக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரிந்தது; சுடிதார், துப்பட்டாவோடே வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மிஷினின் பெல்ட் என் துப்பட்டாவை இழுத்தது. அந்த அக்காதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். என் கழுத்தில் தோல் உரிந்திருந்தது.

“நாளைக்கு வரமாட்டேல்ல?”

“வாரேங்க்கா. மொதல்ல அளக்க டேப் குடுங்க. இந்த பெல்ட்டுக்கு ஏன் இன்னும் கம்பி வலை அடிக்கல?”

“இம்புட்டு வருசமா யாரும் கேக்கல தாயி.”

பெல்ட்டைச் சுற்றி அளந்தேன். அன்று மாலையே அளவுச் சீட்டை வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிட்டேன்.