எலுமிச்சங்காய் இல்லாத பஸ் பயணம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில், ஒரு வளைவு திரும்பும்போது, என் இதயம் காரணமே இல்லாமல் ஓடத் தொடங்கியது. விரல்கள் மரத்துப்போயின. தொண்டை சுருங்கியது. பக்கத்தில் இருந்தவரின் முகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோலத் தெரிந்தது. "செத்துருவேன், செத்துருவேன்" என்று சத்தமாகவே சொன்னேனாம்.

பஸ் நின்றது. ஒருவர் ஜன்னலைத் திறந்தார், ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டார், மூக்கின் கீழ் ஒரு எலுமிச்சங்காய் வந்தது. கைமாறிக் கைமாறி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுத்தார்கள். இரத்தமும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு கோடாவது கோணலாக இருக்க வேண்டாமா?

வந்தது பீதித் தாக்கு (ஆபத்தே இல்லாதபோது உடல் அடிக்கும் அபாய மணி) என்றார்கள். அதைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன். நான் உளவளத்துணை (கவுன்சலிங்) படிக்கும் மாணவி. மனக்கஷ்டத்தில் வருகிறவர்களோடு மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் பேசிப் பழகத்தான் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குச் சிகிச்சை முறைகள் என்றால் பைத்தியம். ஒவ்வொரு வாரமும் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு வீட்டில் பரிசோதிப்பேன். ஒருவர் சொல்வதன் உணர்வை அவருக்கே திருப்பிச் சொல்வது 'பிரதிபலித்தல்'. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம், "நீங்க ரொம்பக் களைச்சுப் போனமாதிரி உணர்றீங்க போல" என்றேன்.

"போலன்னா என்னாடி போல? தண்ணிய சுட வை" என்றார் அம்மா.

வகுப்பில் எனக்கு நன்றாக வந்தது மூச்சுப் பயிற்சி. மெதுவாக இழுத்து, நிறுத்தி, அதைவிட மெதுவாக விடுவது. தோழிகளுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆகவே அடுத்த பயணத்தில் பஸ் ஏறியதுமே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கினேன். தாக்கு வந்தது. இன்னும் ஒழுங்காகச் செய்தேன். இன்னும் மோசமாக வந்தது.

இதற்குள் பஸ் என்னைத் தத்தெடுத்துவிட்டது. கண்டக்டர் நிமல் சிங்களவர். பஸ்ஸில் ஏறும் பெண்கள் எல்லாம் அவருக்கு 'நங்கி' (தங்கை). எனக்காக முன் சீட்டில் பை வைத்து இடம் பிடித்தார். நோட்டனில் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா நான் போகும் நாளெல்லாம் எலுமிச்சங்காயும் ஈரத் துணியுமாக வந்தார். டிரைவர் வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். அவர் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுவாரம் அதுவரைகூடப் போகவில்லை. மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, உள்ளதைச் சொன்னார். பயிற்சி முடிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. நோட்டன் பயிற்சியில் என்னிடம் பேச வந்துகொண்டிருந்த ஒரு அக்காவையும் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த அக்கா அதுவரை தன் பெயருக்கு மேல் அதிகம் பேசியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வந்தார். அவரைக் கைவிட எனக்கு மனமில்லை.

அதனால் மனநலக் கிளினிக்கின் நடைபாதையில், ஆட்களோடு ஆளாகக் காத்திருந்தேன். உள்ளே இருந்த டாக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூச்சுப் பயிற்சி செய்யாம விட்டா என்ன நடக்கும்?" என்றார்.

"மயங்கி விழுவேன். செத்தாலும் செத்துருவேன்."

"விட்டுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அந்தக் கேள்வியில் என் மூளை பளிச்சென்று விழித்துக்கொண்டது. முன் சீட்டு, எலுமிச்சங்காய், மூச்சுப் பயிற்சி மூன்றும் எனக்குப் 'பாதுகாப்புப் பழக்கங்கள்' (பயத்தைத் தற்காலிகமாகத் தணித்து, நாளடைவில் நிலைக்கச் செய்பவை) ஆகிவிட்டன என்று அவர் விளக்கினார். தப்பிக்கும் ஒவ்வொரு முறையும், எலுமிச்சங்காய்தான் காப்பாற்றியது என்று உடல் கற்றுக்கொள்கிறது. அங்கே ஆபத்தே இருக்கவில்லை என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

பிறகு, நான் பயந்த உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்தோம். சுழலும் நாற்காலியில் சுற்றினேன். குளிர்பானக் குழாய் வழியாக மட்டும் மூச்சுவிட்டேன். தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது, அடங்கியது. எனக்கு ஒரே குதூகலம். "இதுக்கு அடுத்தது என்னா டாக்டர்? வகுப்புல செஞ்சு காட்டலாமா?"

"நீங்க இங்க ஸ்டூடண்டா வந்தீங்களா, வருத்தக்காரரா வந்தீங்களா?" என்று சிரித்தார். வருத்தக்காரர் என்றால் எங்கள் ஊரில் நோயாளி.

என்னைப் போலவே ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதயத்தைச் சோதித்த பிறகுதான் இதெல்லாம் நடந்தது, அதுவும் அவர் பக்கத்தில் இருக்கும்போது. மூச்சுப் பயிற்சியால் நலமடைந்தவர்களும் உண்டு, மருந்து தேவைப்படுபவர்களும் உண்டு. எனக்குப் பொருந்தியதைத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது 'எதிர்கொள்ளல்'. பஸ்ஸில் முன் சீட்டு இல்லாமல், எலுமிச்சங்காய் இல்லாமல், யார் உதவியும் இல்லாமல் போக வேண்டும். நாற்காலியில் சுற்றுவது சுலபம். எங்கள் பஸ்ஸில் ஒருவர் முகம் வெளிறினால் மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொல்வதுதான் கஷ்டம்.

"நங்கி, பின்னுக்கு நிக்கப் போறியா? நான் என்னா பிழை செஞ்சேன்?" என்றார் நிமல்.

செல்வி அக்காவுக்கு நிஜமாகவே கோபம். "எலுமிச்சங்கா வேணாம்னாரா? ஒங்க டாக்டரு எந்த பஸ்ஸுல போறாராம்? கார்ல போறவருக்கு என்னா தெரியும்?"

"அக்கா, நான் பயந்து நடுங்கினாலும் பாக்காத மாதிரி இருங்க. அதான் எனக்கு மருந்து."

"நல்ல மருந்து. நீ விழுந்தா நாங்க ஜன்னல்ல வேடிக்க பாக்கணுமா?"

"ஆமாக்கா."

பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வந்தது. கால்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் மூச்சை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன். வா, எவ்வளவு தூரம் போகிறாய் என்று பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து தொண்டைக்கு, தொண்டையிலிருந்து காதுக்கு ஏறியது. அதற்கு மேல் ஏற இடமில்லாததுபோல் அங்கேயே நின்றது. பிறகு, நான் எதுவுமே செய்யாமல், தானாக இறங்கியது.

செல்வி அக்கா முன்னாலிருந்து கழுத்து வலிக்கும்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "நான் ஒன்னுமே பாக்கல. ஒதடு மட்டும் வெள்ளையாப் போச்சு" என்றார்.

அதோடு முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த வாரம் பாதி வழியில் இறங்கி மழையில் நின்றேன். டாக்டரிடம் அழுதேன். அவர் தேறுதல் சொல்லவில்லை. "இறங்கின பிறகு எவ்வளவு நேரத்துல அடங்குச்சு? பஸ்ஸுக்குள்ளேயே நின்னிருந்தா?" என்று கேட்டார். விடையைத் தெரிந்துகொள்ள மறுபடி ஏறினேன். பிறகும் ஏறினேன்.

இப்போது என் உடம்பு எனக்கு வேறாகத் தெரிகிறது. முன்பு அது சொன்னதெல்லாம் தீர்ப்பு. இப்போது அது அடிக்கடி தவறாகவும் சில வேளை சரியாகவும் பேசும் வீட்டு மனுஷி. காலமும் மாறிவிட்டது. தாக்கின் உள்ளே ஒரு நிமிடம் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும். அந்த அகலத்தில் நின்று சுற்றிலும் பார்க்கலாம் என்பதும் தெரியும்.

நோட்டனில், தன் பெயருக்கு மேல் அதிகம் பேசாத அந்த அக்கா எனக்காக வந்திருந்தார். அவர் என்ன சொன்னார் என்பதை எங்கும் எழுத மாட்டேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கற்ற உத்திகள் எல்லாம் என் வாயில் வரிசையில் நின்றன. அந்த நேரம் பார்த்து, அறைக்குள்ளேயே, என் இதயம் ஓடத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், ஒங்களுக்கு என்னா செய்யுது?"

"நெஞ்சு படபடங்குது அக்கா. இது எனக்கு வந்து போறதுதான், ஒங்களால இல்ல. அது பாட்டுக்கு அடிக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார்.

"எனக்கும் அப்புடித்தான்" என்று சொல்லிவிட்டு, பேசத் தொடங்கினார்.