சீன இயக்குநரின் சிநேகிதன்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அவர் மாமாவை ஊர் பார்க்க அறைந்ததுதான் காரணம்.

மாமா என் அம்மாவின் தம்பி. பொன்னேரி டென்ட் கொட்டகையில் நோட்டீஸ் ஒட்டுவதிலிருந்து டிக்கெட் கிழிப்பதுவரை எல்லா வேலையும் செய்வார். எழுபதுகளில் அங்கே ஒரு சீனச் சண்டைப் படம் வந்தது. பாஷை யாருக்கும் புரியாது என்பதால், மாமாவே மைக்கைப் பிடித்துக் கதை சொன்னார். படம் தொடங்குமுன் அதை எடுத்த இயக்குநரின் வாழ்க்கையையும் சொல்வார். எங்கே படித்தாரோ! சண்டைக்குப் பயந்து படகேறி ஹாங்காங்குக்கு ஓடிவந்த ஏழை. ஸ்டுடியோவில் தரை கூட்டி, விளக்குத் தூக்கி, தலை நரைக்கிற வயதில் இயக்குநரானவர். எனக்குச் சண்டையைவிட அந்தக் கதைதான் பிடித்தது. மூன்று நாள் தொடர்ந்து போனேன்.

நான்காம் நாள் அப்பாவும் வந்தார். அன்றைக்கு மாமா புதிதாக ஒன்று சேர்த்தார்.

"இந்த டைரக்டருக்கு ஒரு சிநேகிதன். இவருதான் அவன இட்டுக்கினு போயி பட்டாளத்துல சேத்து உட்டாரு. அவன் பனியில செத்துட்டான். அந்தப் பாவம் தொலையத்தான் இவரு படமா எடுத்துக்கினு கீறாரு."

அப்பா எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு போனார்.

"எவன் ஊட்டுக் கதைய எவன் பேர்ல சொல்லிக்கினு கீற?"

விழுந்த அறையில் மைக் கீழே சாய்ந்து கிறீச்சிட்டது. மாமா கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "இப்பவாவது அடிச்சியே மச்சான்" என்றார். மறுநாளே மெட்ராஸுக்குப் போனவர், எங்கள் வீட்டுக்குத் திரும்பவேயில்லை.

அன்றிரவு நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "சீனாக்காரன் கதைய சொன்னா உனக்கு இன்னா நைனா?" என்று கத்தினேன். அப்பாவின் செருப்பைத் தூக்கி ஏரியில் எறிந்தேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த போரில் செத்துப்போனது எனக்குத் தெரியும். அதற்காக, யாரோ எடுத்த படத்துக்கு மாமாவை அடிப்பதா? மறுநாள் அப்பா வெறுங்காலோடு வேலைக்குப் போனார். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளறியது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். சித்தப்பாவும் மாமாவும் உயிர்ச் சிநேகிதர்களாம். வேண்டாம் என்றவரைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு இழுத்துப்போனது மாமாதானாம். மார்பளவு போதாதென்று மாமாவை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைப் பற்றி அப்பா மாமாவை ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

கொட்டகை நிறைய ஜனம் இருந்தும், மாமா அன்றைக்கு அப்பா ஒருவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.