பின்பக்கம் மட்டும் எடுத்த படம்

இந்த ஊர் நூலகத்தில் ஒரு பழைய மரக்கரண்டியைத் தொடுவதற்கும் கையுறை போடவேண்டும். எங்கள் ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். கரண்டியைச் சாம்பல்நிறத் தாளில் கிடத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்னும் பின்னும் படமெடுத்து, அது என்ன, எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று கணினியில் பதியவேண்டும். பிறகு உலகத்தில் யாரும் அதை இணையத்தில் பார்க்கலாம். நோர்வேக்கு வந்த பதினொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மூன்றாவது வேலை இது. காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை யாரோடும் பேசத் தேவையில்லை. அது பிடித்திருந்தது என்று சொல்லமுடியாது, பிடிக்காமலும் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மாரித் என்ற ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி, தான் வேலைசெய்த நாடுகளிலிருந்து கொண்டுவந்த பொருள்களை ஒரு பெட்டியில் நூலகத்துக்குக் கொடுத்தார். அதற்குள் ஒரு வட்டத் தகடு கிடந்தது. மேலே துளை, துளையில் நைலோன் நூல், ஒரு பக்கத்தில் அடித்துப் பதித்த இலக்கம். மாரித்தின் பட்டியலில் 'ஆபரணம், இலங்கை, காவ' என்றிருந்தது. காவ என்றால் அன்பளிப்பு.

அது ஆபரணமில்லை. எங்கள் நெடுந்தீவில் கடலுக்குப் போகிறவர்கள் விடியக் கடற்படைக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்து இப்படியொரு தகட்டை வாங்கவேண்டும். கரைக்கு வந்து தகட்டைக் கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். என்னைப் பெற்ற ஐயா அதை அரைநாண் கயிற்றில் முடிந்துகொண்டு போவார். தகடு இங்கே இருக்கிறதென்றால் யாரோ ஒருவருடைய அட்டை அங்கேயே நின்றுவிட்டது.

மாரித்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தொண்ணூற்றெட்டில், நெடுந்தீவில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பெண் இந்தத் தகட்டை அவருடைய கையில் வைத்து, கையைப் பிடித்தபடி நெடுநேரம் பேசினாளாம். மொழிபெயர்ப்பவர் அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டார். “அவள் அழுதாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். நானும் அழுதுவிட்டேன்,” என்றார் மாரித்.

தீவிலேயே இருக்கும் என் அக்கா மருந்தெடுக்க யாழ்ப்பாணம் வந்து எனக்குத் தொலைபேசியில் பேசியபோது விஷயத்தைச் சொன்னேன், தகட்டின் படம் இணையத்துக்குப் போகப்போவதையும் சொன்னேன். அவருக்கு உடனே ஆளைத் தெரிந்தது. அந்தப் பெண்ணை ரெஜினா அக்கா என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் வேறு. ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் தீவுக்கு வந்தவர். வரும்போது ஒன்றும் எடுக்கவில்லை. கலியாணப் படமும் வீட்டோடு போயிற்று. நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட மறுவருடம் அவருடைய கணவரின் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. சோற்றுப்பெட்டிக்குள் தகடு இருந்தது. அதைக் கொண்டுபோய் அட்டையைக் கேட்டபோது, ஆள் வந்து கொடுத்தால்தான் தருவோம் என்று காவலரணில் சொன்னார்களாம்.

“அடையாள அட்டையில இருக்கிற படத்துக்காகத்தான் அவ அலைஞ்சவ,” என்றார் அக்கா. “அந்த மனுசன்ர முகம் வேற ஒண்டிலயும் இல்லை. வெள்ளைக்காரி கேட்டாலாவது குடுப்பினம் எண்டு நினைச்சுத்தான் தகட்டைக் குடுத்தவ.”

தகட்டைத் திருப்பி அனுப்பச்சொல்லி நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். இரண்டு கிழமை கழித்து ரெஜினா அக்காவின் பதிலை அக்கா சொன்னார்.

“தகடு வேண்டாமாம். அட்டையும் அங்கை வந்திருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கட்டாம்.”

இல்லையென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்தநாள் பெட்டியை முழுக்கக் கொட்டிப் பார்த்தேன்.

ரெஜினா அக்கா இன்னொன்றும் கேட்டிருந்தார். இலக்கம் தெரியாமல் படமெடுக்க ஏலுமோ என்று. அவருடைய மகன் இப்போது அதே கரையிலிருந்துதான் தொழிலுக்குப் போகிறான். ஒரு இலக்கம் வெளியே தெரிந்தால் போர் நடந்த அந்த நாட்களில் அது யாருடைய வாசலில் போய் நிற்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தகட்டைக் கவிழ்த்துவைத்துப் படமெடுத்தேன். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் இங்கர் திரையைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கம் எங்கே என்று கேட்டார்.

“தொம்,” என்றேன். வெறுமை என்று அர்த்தம்.

அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. வெட்கம் வரவில்லை, வேறெதுவும் வரவுமில்லை. அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை என்று மாரித்திடம் சொல்ல இரண்டு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வைத்துவிட்டேன்.

படிவத்தில், பொருள் வந்த ஊரின் மொழியிலும் ஒரு வரி எழுத இடமிருந்தது. நோர்வேஜிய மொழியில், 'அலுமினியத் தகடு, விட்டம் நான்கு சென்ரிமீற்றர்' என்று எழுதினேன். அதன்கீழே தமிழில், 'கடலுக்குப் போனவரின் முகத்தைத் திருப்பிக் கேட்டு அவருடைய மனைவி கொடுத்தது' என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று இங்கர் கேட்டார். மேல்வரியில் இருப்பதேதான் என்றேன். இரண்டு வரிகளும் இப்போது இணையத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பதிந்தவர் என்ற இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து என் பெயர் ஒரு தடவைதான் வருகிறது.