தெற்குக் காலுக்கு ஒரு கல்

போன வாரம் கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்துக்கு சிமெந்து பூச வந்த மேசன் பாஸ், அங்கிருந்த மூன்று சிறு திட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார். "மிஸ், இந்த ஒன்னு மட்டும் நாலு விரல் ஒசந்து நிக்குது. தட்டிச் சமன் பண்ணிரவா?" அது அத்தான் பதித்த கல்.

அத்தான், என் அக்காவின் கணவர், நகரசபையில் குழாய் பதித்து ஓய்வு பெற்றவர். கட்டில் போட்டாலும் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். "மட்டம் பாக்காம எதையும் ஊனக்கூடாது" என்பார். அவருடைய சின்னத் தொலைநோக்கி பழைய தாங்கியில் காற்றடித்தாலே நடுங்கும். அதற்குப் பதிலாக மவுண்ட் என்கிற புதிய தாங்கி வந்த அன்று சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு திருகைச் சுழற்றினால் போதும், கிரகம் கூடவே வருமாம். சனியை அக்காவுக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அக்காவோ கோயிலில்கூட சனீஸ்வரனுக்கு நேரே நிற்காதவள், ஒதுங்கி நின்றே கும்பிடுவாள். மூன்று நாள் கெஞ்சியபின், "ஒரே ஒரு தரம்தான் பாப்பேன்" என்று இறங்கி வந்தாள்.

விளக்கு வைத்த கையோடு முற்றத்துக்கு வந்தோம். அத்தான் முக்காலியை அரை மணிநேரம் மட்டம் பார்த்து நிறுத்தினார். அக்கா கண்ணை வைத்தாள். "வெறும் இருட்டுதாங்க." சனி நழுவியிருந்தது. திருகத் திருக இன்னும் விலகியது. "நான் பாக்குறது அந்தச் சனீஸ்வரனுக்கே பிடிக்கல" என்று அவள் உள்ளே திரும்பினாள்.

நான் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினேன். மவுண்டின் அச்சு வடக்கு நோக்கி, ஊரின் அட்சரேகைப் பாகை அளவுக்குத்தான் உயர வேண்டும். கண்டிக்கு ஏழு பாகை. குளிர்நாட்டுக்குச் செய்த அந்த மவுண்டோ பதினைந்துக்குக் கீழே இறங்காது. "அத்தான், தெற்குக் காலைத் தூக்கி, முக்காலியையே சரிச்சு வைக்கணும்."

கேட்கக் கூடாததைக் கேட்டவர்போல என்னைப் பார்த்தார். பிறகு படியேறும் அக்காவைப் பார்த்தார். ரசமட்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு செங்கல்லை எடுத்துவந்து தெற்குக் காலின் கீழ் வைத்தார்.

சனியைத் திரும்பப் பிடித்து அவர் கூப்பிட, அக்கா வந்து மறுபடி குனிந்தாள். அத்தான் மூச்சை அடக்கித் திருகைச் சுழற்ற, சனி அசையாமல் நின்றது. "நகருக்கா, நானும் பாக்கிறேன்." "சும்மா இருடி" என்றாள். கண்ணை எடுக்காமலே மெல்லச் சொன்னாள்: "ஒட்டியாணம் கட்டியிருக்காரு."

மறுநாள் விடிந்ததும் அத்தான் முக்காலியின் மூன்று கால்களுக்கும் திட்டுக் கட்டி, அந்தக் கல்லையும் அப்படியே சிமெந்து வைத்துப் பூசிவிட்டார். அத்தான் தவறிப்போய் இரண்டு வருடமாகிறது. இப்போது திருகைச் சுழற்றுவது அக்காதான்.

பாஸுக்கு நான் பதில் சொல்லுமுன் அவள் ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அதத் தொடாதீங்க. அது எங்க வீட்டுக்காரர் மட்டம் பாத்து வச்சது."