சேவல் இறகும் மண்டபத்தூர்க் கிழங்கானும்

லட்சத்தீவுக்குப் போக அனுமதி கிடைத்துவிட்டது. ஏப்ரலில் பயணம். அங்கே முழங்கால் ஆழத் தண்ணீரில் போன்ஃபிஷ் என்ற மீன் மேயும். வெள்ளி நிறம், அசாத்திய வேகம், அதைவிட அசாத்தியமான சந்தேகப் புத்தி. அதற்கு உயிர் இரை போடுவதில்லை. தூண்டில் முள்ளின் மேல் இறகையும் முடியையும் நூலால் சுற்றி, இறால்போலத் தெரியும் பொய் இரை கட்டுவார்கள். அதற்கு ஃப்ளை என்று பெயர். மூன்று வருடமாக நானும் கட்டுகிறேன். ஒன்றில்கூட ஒரு மீனும் மாட்டியதில்லை. மனம் தளர்ந்து, கடையில் செய்த ஃப்ளைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அதை ரத்து செய்ய திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது. அதற்குள் என் கையால் கட்டியதில் ஒரே ஒரு மீன் பிடித்துவிட வேண்டும். பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை காரைக்காலுக்குப் பஸ் ஏறியது அதற்காகத்தான்.

ஏன் காரைக்கால்? அங்கே போன்ஃபிஷ் கிடையாது, கிழங்கான் உண்டு. அதுவும் மணல் திட்டில் மூக்கால் கிளறி இறாலும் புழுவும் தின்னும் மீன். அதே புத்தி, சிறிய உடம்பு. ஒத்திகைக்கு அது போதும். தவிர, வரிச்சிக்குடியில் என் கொழுந்தனார் செந்தில் வீடு இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, பைக் மூன்றும் இலவசம்.

கும்பகோணத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஐம்பது ரூபாய்க்குள். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வழி முழுக்க வெயில். வரிச்சிக்குடியில் சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாக நின்றது. செந்தில் என் ஃப்ளை டப்பாவைத் திறந்து பார்த்தார். கண்ணுக்காக என் பழைய கொலுசு மணிகளை வைத்துக் கட்டியிருந்தேன். அந்தக் கனத்தில்தான் முள் தலைகீழாகப் புரண்டு, மணலில் குத்தாமல் நிற்கும்.

"கொலுசு போட்ட இறாலா அண்ணி? அப்ப மீனு நலங்கு வச்சுத்தான் கூட்டிட்டுப் போவும்."

அங்கிருந்து மண்டபத்தூர் ஆறு கிலோமீட்டர். கடலும் ஆறும் சேரும் இடத்தில் மணல் திட்டு இருக்கிறது. திட்டுக்குக் கொண்டு விட ஃபைபர் படகுக்கு நூறு ரூபாய். படகுக்காரர் குமரேசன் திரும்பிப் போகவில்லை. ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் கம்பை முன்னும் பின்னும் வீசுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னக்கா, தண்ணிக்கு விசிறி விடுறீங்களா? அதுக்கு வேர்க்குதா?"

மூன்று மணியிலிருந்து ஐந்து வரை வீசினேன். காலடியிலேயே கிழங்கான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. என் ஃப்ளை பக்கத்தில் விழுந்தால் திரும்பிப் பார்க்கும், போய்விடும். கட்டு சரி, கனம் சரி, முள்ளும் மேல்நோக்கியே நின்றது. பிறகு என்ன?

குமரேசன் குழம்புக்காக வீச்சுவலை போட்டு இழுத்தார். வலையில் துள்ளிய இறால் குஞ்சு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் என் ஃப்ளையின் பக்கத்தில் வைத்தேன். விடை அங்கேயே இருந்தது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, வெள்ளைப் பவள மணலுக்கு ஏற்ற வெள்ளை ஃப்ளையாகக் கட்டித் தள்ளியிருக்கிறேன். இங்கே மணல் பழுப்பு, தண்ணீர் தேநீர் நிறம், இறாலும் செம்பழுப்பு. கரிக்கட்டைக் குவியலில் முல்லைப் பூவை எறிந்தால் எவன்தான் சந்தேகப்பட மாட்டான்?

வீடு திரும்பியதும் செம்பழுப்பு இறகு தேடினேன். கொல்லையில் அதே நிறத்தில் சேவல் நின்றது. கழுத்து இறகு நெருப்புப்போல மின்னியது. இரண்டு பிடுங்கினால் போதும். கையை நீட்டியபோது செந்திலின் மனைவி மாலதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா! அதத் தொடாதீங்க! அய்யனாருக்கு நேந்து விட்டது. ஒத்த இறகு கொறஞ்சாலும் சாமி ஏத்துக்காது."

"ரெண்டே ரெண்டு இறகு, மாலதி."

"உங்க மீனுக்காவ நான் தெய்வ குத்தம் சொமக்கவா? போங்கக்கா!"

வாதாட ஒன்றும் இல்லை. நேர்ந்து விட்ட பிறகு அந்தச் சேவல் அவளுடையதே அல்ல, அய்யனாருடையது. வேறு கோழிகள் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தன. மூன்று வருட உழைப்பு ஒரு நேர்த்திக்கடனில் முட்டி நின்றது. பஞ்சாரத்தின் ஓரம் கிடந்த ஒன்றைக் காட்டிக் கேட்டேன்: "அது தானா உதுத்த இறகு?"

மாலதி யோசித்தாள். "அது குப்பைதானக்கா. குப்பைய சாமி கேக்காது."

கோழிகளைக் கவிழ்த்து மூடும் அந்தக் கூடையைத் தூக்கிவிட்டு இருவரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லதாக ஏழு கிடைத்தன. கழுவி உலர்த்தி, சாப்பாட்டுக்கு முன்பே நான்கு ஃப்ளை கட்டி முடித்தேன். மாலதியின் பழைய பட்டுச் சேலைச் சரிகை இழையை உடம்பில் சுற்றினேன். அதை அவளாகவே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணி, மறுபடி அதே திட்டு, நீர் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீச்சு. ஃப்ளை மணலில் இறங்கியதும் விரல் நீளம் இழுத்தேன், நிறுத்தினேன். ஒரு கிழங்கான் திரும்பியது. இந்த முறை போகவில்லை. தலையைக் கவிழ்த்தது. இப்போது கம்பைத் தூக்கினால் ஃப்ளை மீனை விட்டு எகிறிப் போய்விடும். கையால் நூலை மட்டும் நீளமாக இழுத்தேன். நூல் விறைத்துக் கிறீச்சிட்டது.

"விடாதீங்கக்கா! விடாதீங்க! மாட்டிக்கிச்சு!" குமரேசன் படகிலிருந்து வேட்டியோடு தண்ணீரில் குதித்துவிட்டார்.

ஒரு சாண் நீளம்தான். அதன் மேலுதட்டில் சேவல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் செய்தி எழுதியவள் நான், எதற்கும் கூச்சல் போட்டதில்லை. அன்று போட்ட கூச்சலில் திட்டில் நின்ற கொக்கெல்லாம் பறந்துபோயின. ஒன்பது மணிக்குள் இன்னும் ஐந்து மாட்டின.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வலை கட்டியிருக்கும் பக்கம் இறங்காதீர்கள். முதலில் ஊரில் கேளுங்கள். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். வீட்டில் இருபது ஃப்ளை கட்டிக்கொண்டு போவதைவிட, ஐந்தோடு போய் அந்த ஊர் இறாலைப் பார்த்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். நான் மூன்று வருடம் மீனுக்காகக் கட்டவில்லை, வீடியோவுக்காகக் கட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடை ஆர்டரை ரத்து செய்தேன். போன்ஃபிஷ் கிழங்கானைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன் என்கிறார்கள். இருக்கட்டும். தீவில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த ஊர் இறாலைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் கட்ட உட்காருவேன்.