நான் போட்ட ஷியர் பின்

1. பம்பரில் இருந்த இரும்புக் கட்டி

அந்த ராணுவ லாரியை முதன்முதலில் பார்த்தபோது அதன் பானெட்டுக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. ஏலத்தில் எடுத்து இரண்டு வருடம் ரைஸ் மில்லுக்குப் பின்னால் மழையில் போட்டிருந்தார்கள். மாயவரம் பக்கத்துக் குத்தாலத்தில் நான் தனியாகப் பட்டறை வைத்த புதிது. ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை கொடிக்கம்பம் முளைத்திருந்த காலம். கூலி நெல் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுப்பதும், மிராசுதார்கள் டிராக்டர் வாங்குவதும் எங்கள் பக்கம் தினமும் நடந்தன.

மில் முதலாளி சந்தானம் லாரியின் முன் பம்பரைக் காலால் தட்டினார். அங்கே, டிரம்மில் இரும்புக் கயிற்றைச் சுற்றிப் பாரம் இழுக்கும் விஞ்ச் ஒன்று துருப்பிடித்து இருந்தது.

"வண்டி ஓடுனா போதாது மேஸ்திரி. இது சுத்தணும். சேத்துல எறங்குன டிராக்டர இழுக்க நாளைக்கு எவனும் வரமாட்டான்."

எஞ்சினுக்கு ஒரு மாதம் பிடித்தது. விஞ்சுக்கு அதைவிட அதிகம். டிரம்மைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க்குப் பதில் சேறு. வோர்ம் கியரில் பல் தேய்ந்திருந்தது. மாயவரம் லேத்தில் புதிதாக வெட்டி வாங்கினேன். புஷ், ஆயில் சீல் எல்லாம் மாற்றினேன். வயர் ரோப் மட்டும் பழையது. துடைத்து கிரீஸ் போட்டுச் சுற்றினேன். புது ரோப் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

2. பந்தல் போட்ட டிரையல்

எஞ்சினிலிருந்து விஞ்சுக்குப் போகும் ஷாஃப்டில் ஒரு சின்ன பின் உண்டு. ஷியர் பின் என்போம். மென்மையான இரும்பில் செய்தது. பாரம் அளவுக்கு மேல் போனால் முதலில் இது உடையும், ஷாஃப்ட் சும்மா சுற்றும். கியரும் ரோப்பும் எதிரில் நிற்கும் ஆளும் பிழைத்துக்கொள்வார்கள். அதன் வேலையே உடைவதுதான்.

டிரையலுக்கு முதலாளி நாலு மிராசுதார்களை அழைத்து, பந்தல் போட்டு, காபி கொடுத்தார். நெல் மூட்டை ஏற்றிய இன்னொரு லாரியை பிரேக் போட்டு நிறுத்தி இழுக்கச் சொன்னார். இழுத்தேன். டக்கென்று பின் உடைந்தது. மாற்றினேன். அதுவும் உடைந்தது.

"என்னய்யா இது, சண்டைக்குப் போன வண்டி அப்பளம் மாதிரி ஒடையுது?" என்றார். பந்தலில் சிரித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம், பின் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் கேட்பதுதான் அதிகம் என்று. சொல்லவில்லை. மறுநாள் பழைய ஆக்சில் துண்டில் ஒரு பின் கடைந்து போட்டேன். அது இந்த ஜென்மத்தில் உடையாது. தெரிந்தே செய்தேன்.

3. இழுப்பு

சம்பா நடவுக்கு முன் ஸ்ட்ரைக் வந்தது. டிராக்டரை வைத்தே உழுதுவிடலாம் என்று முதலாளி தன் வயலில் இறக்கினார். நடு வயலில் ஆக்சில் முட்டும்வரை அது புதைந்தது. லாரியோடு என்னைக் கூப்பிட்டார்கள்.

லாரி முன்னால் சறுக்காமல் இருக்க, பின்பக்கத்தைச் சங்கிலி போட்டுப் புளியமரத்தில் கட்டினேன். ரோப்பை இழுத்துக்கொண்டு போய் டிராக்டரில் மாட்டினேன். இரண்டு பக்க வரப்பிலும் ஸ்ட்ரைக் செய்த ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ரோப்புக்கு மிகப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"தள்ளி நில்லுங்க, ரோப் அறுந்தா வெட்டிப்புடும்" என்றேன்.

"பொறம்போக்கு வரப்புல நிக்கிறோம். நீ யாரு தள்ளிப் போகச் சொல்ல?" என்று ஒருவர் கேட்டார். அவர்கள் கண்ணில் நான் முதலாளியின் ஆள். ஒருவரும் நகரவில்லை.

சீட்டில் ஏறி விஞ்சைப் போட்டேன். ரோப் விறைத்தது. டிராக்டர் அசையவில்லை. லாரியின் மூக்கு கீழே அமுங்கியது. இந்த இடத்தில் பழைய பின் உடைந்திருக்கும். என் பின் உடையவில்லை. ரோப்பில் ஒரு இழை அறுந்து மேலே சுருண்டது. அடுத்து இன்னொன்று. குழந்தை அதைப் பார்த்துக் கை நீட்டியது.

கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்தேன். பிறகு ரோப்பைத் தளர்த்திவிட்டு இறங்கினேன்.

"ஏன்யா நிறுத்துன?" என்று முதலாளி ஓடி வந்தார்.

"பின்னு தப்புங்கய்யா. மாத்தாம இழுக்க மாட்டேன்."

அறுந்த இடத்தை வெட்டி எறிந்து ரோப்பை மறுபடி மாட்டினேன். என் பின்னைக் கழற்றிவிட்டு, டூல் பெட்டியில் மிச்சமிருந்த மென்மையான பின்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் டக், டக். வரப்பில் கைதட்டினார்கள். சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வாரி, அடியில் பனைத்துண்டு கொடுத்தால் அந்தப் பின்னே போதும். அதற்குப் பத்து ஆள் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் வரப்பில்தான் நின்றார்கள்.

"கொடிக்காரனோட சேர்ந்துட்டியா?" என்றார் முதலாளி. அத்தோடு அவர் வேலை எனக்குப் போயிற்று.

டிராக்டர் நாலு நாள் சேற்றில் கிடந்தது. ஐந்தாம் நாள் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து கூலி பேசி முடித்தார்கள். ஆட்கள் இறங்கிச் சேறு வாரினார்கள். வேறு மெக்கானிக் வந்து இழுத்தார். பின் உடையாமலே வந்துவிட்டதாம்.

4. கோவிந்தன் சொன்னது

அன்று வரப்பில் என்னைக் கேள்வி கேட்டவர் கோவிந்தன். அவர்களுக்குத் தலைவர். ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்கு வந்தார்.

"எங்களுக்காக வேணும்னே ஒடையுற பின்ன மாத்திப் போட்டீங்களாமே. ஊரே பேசுது. மறக்க மாட்டோம்."

"அப்படி இல்லிங்க. மொதல்ல ஒடையாத பின்ன போட்டவனும் நான்தான். சிரிச்சாங்கன்னு ரோஷத்துல போட்டேன். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா ரோப் ஒங்க ஆளுங்க மேல வந்திருக்கும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "எங்க பக்கமும் தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்னு சனங்க தெம்பா இருக்காங்க. அத ஏன் கெடுக்கணும்?"

நான் ஒப்புக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. மில் வேலை போனாலும், சுற்றுப்பட்டு ஊர்களின் பம்ப்செட் எல்லாம் என்னைத் தேடி வந்தன. பட்டறை வளர்ந்தது அந்தப் பெயரில்தான். கோவிந்தன் காலமாகிவிட்டார். அதனால் இப்போது எழுதுகிறேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: பின் உடைந்தால் பின்னைத் திட்டாதீர்கள், பாரத்தைப் பாருங்கள். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று வரப்பில் குழந்தையோடு நின்ற பெண் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் நின்று, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று மகனிடம் சொல்வாள். அவனும் கை கூப்புவான். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். அந்த உடையாத பின்னைப் பற்றி அவளிடம் கடைசிவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.