ஒட்டாமல் போன நீல நாடா

யூசேபியோ பர்ராகான் பைக் ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் கலிஃபோர்னியாவின் அந்தப் பாலைவன ரேஸ் டிராக்கில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் அவருடைய வெள்ளை வேன் அங்கே வந்து நிற்கும். வருகிற பைக்கின் பின்சீட்டை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். அது எழும்பி வரும் விதத்திலேயே ஷாக் அப்சார்பரின் குறை அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் டிராக்குக்காக இறுக்கிக் கொடுப்பார். மாலையில் வீடு திரும்பும் சாலைக்காக இளக்கிக் கொடுப்பார். அதுதான் பிழைப்பு. வேலை முடிந்ததும் டேங்கின்மேல் நீல நாடாத் துண்டு ஒன்றை ஒட்டுவார். நாடா இருந்தால் தைரியமாக ஏறிப் போகலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அன்று மாலை கடைசியாக வந்தது அவர் மகள் ரெய்னாவின் பைக். மற்றவர்கள் நெடுஞ்சாலை வழியாகப் போவார்கள். அவள் மட்டும் மலைச்சாலை வழியாக ஓட்டிக்கொண்டே வீடு போவாள். அதே சாலையில்தான் யூசேபியோவின் தம்பி இக்னாசியோ ஒரு வளைவில் பைக் கவிழ்ந்து செத்துப்போனான். அதனால் மகளின் பைக்கை வேறு யாரையும் அவர் தொட விட்டதில்லை.

எந்தத் திருகையும் முதலில் கடைசிவரை மூடுவது அவர் வழக்கம். அங்கிருந்துதான் எண்ணி எண்ணித் திறப்பார். பின்ஷாக்கின் திருகை மூடி முடித்த நேரத்தில், தலைக்கு மேலிருந்து ரெய்னா சொன்னாள்:

"அப்பா, அடுத்த மாசப் பந்தயத்துக்குப் பேர் குடுத்துட்டேன்."

அவர் எழுந்தார். வேண்டாம் என்று என்னென்னவோ பேசினார். இக்னாசியோவின் பெயரையும் இழுத்தார். செத்தவரைக் காட்டி இன்னும் எத்தனை நாள் பயமுறுத்துவீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் வேனுக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வந்தபோது பைக் இல்லை. புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் டயர் மாற்றும் டுவைட் அவர் சட்டைக்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன யூசேபியோ, இன்னைக்கு சட்டைக்கும் ஷாக் செட் பண்ணிட்டியா?"

ரெய்னாவின் டேங்கில் ஒட்டக் கிழித்து வைத்த நாடா, முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

யூசேபியோ நாடாவைத் தொட்டுப் பார்த்தார். திருகு மூடியபடியே போய்விட்டது! மூடிய ஷாக்கில் அமுங்கிய ஸ்பிரிங் சீக்கிரம் எழும்பாது. ஒரு குழியில் உட்காரும். எழும்புவதற்குள் அடுத்த குழி வரும். பின்பக்கம் அப்படியே இறங்கிக்கொண்டே போகும். முன்சக்கரம் பிடிப்பிழந்து, வளைவில் திரும்பாமல் வெளியே இழுக்கும். அந்த மலைச்சாலை முழுக்க ஒட்டுப்போட்ட தார். வெளியே என்றால் பள்ளம்.

தன் வேலைக் கூடாரத்தை டுவைட்டிடம் விட்டுவிட்டு வேனைக் கிளப்பினார். போன் போட்டுப் பிரயோஜனமில்லை. ஹெல்மெட்டுக்குள் அவளுக்குக் கேட்காது, மலைக்குள் சிக்னலும் கிடையாது. பின்னால் ஸ்பிரிங்குகளும் ஸ்பேனர்களும் உருண்டு மோதின. ஒவ்வொரு வளைவிலும் முதலில் தடுப்புக் கம்பியைப் பார்த்தார், பிறகுதான் சாலையைப் பார்த்தார். காலையில் மனைவி ஆல்மா, மகளுக்கு பர்ரிட்டோ ரொட்டி சுற்றிக் கொடுத்தபடி, "பொண்ணப் பாத்துக்கோங்க" என்று சொன்னது காதிலேயே நின்றது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அதைப் பார்த்தார். எதிர்த்திசைத் தடத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு கறுப்பு டயர்க்கோடு, ஓரத்துச் சரளைக்குள் போய் முடிந்திருந்தது. அங்கே தடுப்புக் கம்பி இல்லை.

இறங்கினார். விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்க்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. கீழே யாரோ உருட்டிவிட்ட துருப்பிடித்த குளிர்சாதனப் பெட்டி ஒன்று கிடந்தது. வேறொன்றும் இல்லை.

அடுத்த வளைவைத் தாண்டி, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் இடத்தில் பைக் நின்றது. பக்கத்தில் தரையில் ரெய்னா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட். முழங்கால் வரை வெள்ளைப் புழுதி.

"அந்தக் கோடு என்னோடதுதான்ப்பா" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே. "திருப்புறேன், திரும்ப மாட்டேங்குது. எதிர்ல லாரி வந்திருந்தா..." ஹெல்மெட்டை மடியில் திருப்பி வைத்தாள். "நாடா இல்லைங்கறத அதுக்கப்புறம்தான் பாத்தேன்."

"மூடினவன் தொறக்காம விட்டுட்டேன், கண்ணு. என் தப்பு."

இத்தனை வருடம் அவர் சொல்லிச் சொல்லி ஏறாத பயம், இப்போது அவள் கண்ணில் ஏறியிருந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை போதும். மகள் இனி பைக்கைத் தொடமாட்டாள். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது.

"வேன்ல ஏத்திடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப ஏத்தினா இனிமே நான் ஏறவே மாட்டேன்ப்பா. எனக்கே தெரியுது. நீங்க வேலைய முடிங்க. இந்தத் தடவை நான் வாயத் தொறக்க மாட்டேன்."

யூசேபியோ சரளையில் மண்டியிட்டார். எண்ணிக்கை பாதியில் தவறியது. மறுபடி கடைசிவரை மூடி, முதலிலிருந்து எண்ணித் திறந்தார். சீட்டை அழுத்தினார். அது நிதானமாக எழும்பி அவர் உள்ளங்கையைத் தொட்டது. பிறகு சட்டைக்கையிலிருந்த நாடாவை உரித்து டேங்கில் ஒட்டி, விரலால் ஓரங்களைத் தேய்த்தார். பிசின் போயிருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் முன்னால் போனாள், மெதுவாக. அவர் பின்னாலேயே போனார். வீடு வரும்வரை அவள் பைக்கின் பின்புறச் சிவப்பு விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மறைந்தது. ஒவ்வொரு தடவையும், அது மறுபடி தெரியும்வரை அவர் மூச்சு விடவில்லை.